கருப்பட்டிச் சத்திரத்தின் நிழல்

பேகம்பூரில் சண்முகவள்ளி வத்தல் காயப்போடும் களத்தில், ஓர் ஆனி மாதத்துக் காலையில், இரண்டு மாடிக் கட்டடத்தின் நிழல் வந்து விழுந்தது. கட்டடம் மட்டும் வரவில்லை. ஊர்க்காரர்கள் அதிசயப்பட இதில் ஒன்றுமில்லை. இடித்துத் தரைமட்டமாக்கிய கட்டடங்களின் நிழல்கள் ஒவ்வொன்றாகத் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. செல்போன் கடை வாசலில் பழைய டாக்கீஸ் ஒன்றின் நிழல் விழுந்ததிலிருந்து அங்கே டூவீலர் நிறுத்த இடம் பிடிப்பதில் தினமும் வாய்ச்சண்டை. எப்போதோ இடித்த ஒரு தபாலாபீசின் நிழல் விழுந்ததும் இளநீர்க்காரர் தம் வண்டியை அதற்குள் தள்ளிக்கொண்டுபோய் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். கொளுத்துகிற வெயிலில் சும்மா கிடைக்கிற நிழலை எந்த வருசத்து நிழல் என்று யார் விசாரிக்கப்போகிறார்கள்? ஆனால் சண்முகவள்ளியின் களத்து நிழலில் ஒரு கோளாறு இருந்தது. காலையில் மற்ற நிழலெல்லாம் மேற்கே சாய, இது மட்டும் கிழக்கே, சூரியனைப் பார்த்தபடியே நீண்டு கிடந்தது. பழைய காலத்து நிழல், அதன் பழக்கம் அப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டு ஆளாளுக்குத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இதெல்லாம் தொடங்கியது அறிவுச்செல்வியால். கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிற அந்த அம்மாள், ஊரின் பழைய புகைப்படங்களைச் சேர்க்கலாமே என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். அவரவர் வீட்டுப் பரணிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் படங்களை எடுத்துப் போட்டார்கள். இது எந்தக் கட்டடம், எந்தத் தெரு என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகக் கண்டுபிடித்து, வாயால் பெயரைச் சொன்னால், மறுநாள் காலை அந்த இடத்தில் கட்டடத்தின் நிழல் இருக்கும். டைப் அடித்தால் வராது, குரல் வேண்டும். தப்பாகச் சொன்னாலும் வராது. அதனால் குழுவில் சண்டைக்கே இடமில்லாமல் போனது. நிழல் விழுந்தால் சரி, விழாவிட்டால் தப்பு, அவ்வளவுதான். ஊரில் வேறெந்த வழக்குக்கும் இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்பு வந்ததில்லை.

அந்தக் குழுவில் கிதர் முகம்மதுவை மிஞ்ச ஆள் கிடையாது. மெயின் ரோட்டில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தார். ஊர்க்காரர்களின் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் அடைத்துத் தந்த மனிதர். ஒரு தூணின் தடிமனைப் பார்த்தே இது இன்ன தெரு என்பார். சொன்னால் சொன்னதுதான். ‘பாய் சொன்னா நிழல் விழும்’ என்பது டீக்கடைகளில் பேச்சாகிவிட்டது. அதைக் கேட்டும் கேட்காதவர்போல அவர் தாடியைத் தடவிக்கொள்வார். பெருமை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனால் பெருமைதான், வேறென்ன?

ஒருநாள் யாரோ அனுப்பிய படம் அது. மேல்மாடியில் வரிசையாக ஏழு வளைவுச் சன்னல்கள், ஏழும் சாத்திக் கிடந்தன. வாசலில் நாலைந்து ஆண்கள் வேட்டி கட்டி நின்றார்கள். பின்னால் மலைக்கோட்டை. மலை, இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகிற பொருள். அதனாலேயே அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கிதர் முகம்மதுவும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது வேட்டியை. இந்த ஊரில் பாய்மார்கள் கைலியோ வேட்டியோ, இடப்பக்கம் மடித்துச் செருகுவார்கள். மற்றவர்களுக்கு வலப்பக்கம். படத்தில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் இடப்பக்கம். “இதுல என்ன யோசிக்க இருக்கு? எல்லாரும் நம்ம ஆளுக. தோல் யாவாரத்துக்கு வந்தவுக தங்குன முசாபர்கானா, பேகம்பூரு” என்று டீயைக் குடித்துக்கொண்டே குரல் பதிவு அனுப்பினார். மறுநாள் சண்முகவள்ளியின் களத்தில் நிழல் விழுந்தது.

சண்முகவள்ளிக்கு வெயில்தான் முதலீடு. கொத்தவரை வத்தல், சுண்டைக்காய் வத்தல், மோர் மிளகாய் என்று பாய் விரித்துக் காயப்போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் கணவன் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நிழல் வந்த பிறகு காலையும் மாலையும் களம் முழுக்க மப்பு. மிளகாய் நமுத்து, பூசணம் பூத்தது. பாயை இழுத்துக்கொண்டு ரோட்டோரம் போனால் லாரிப் புழுதி. மொட்டை மாடி கேட்டால் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுத்தார். கடைசியில் அவள் கிதர் முகம்மதுவின் கடைக்கே வந்து, பூசணம் பிடித்த மிளகாயை ஒரு கை அள்ளி, அவர் வெட்டிவைத்திருந்த கண்ணாடிமேல் போட்டாள்.

“ஏன் பாய், உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? எந்தக் காலத்துக் கட்டடத்தையோ கொண்டாந்து என் வவுத்துல நட்டு வச்சிருக்கீகளே!”

“ஏம்மா, நானா நட்டேன்? அது அங்கன இருந்த கட்டடம். இல்லாட்டி நெழல் விழுமா?” என்றார் அவர்.

அவள் அழுதாள். அழுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு டீ சொல்லி அனுப்பிவைத்தார். இருந்தாலும் தாம் தப்பு என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. பின்னாளில் ஊரில் பேசிக்கொண்ட விளக்கம் இது: பாய் பேச்சை மனிதர்கள் நம்பியது போதாதென்று நிழலும் நம்பிவிட்டது. அவர் அம்புட்டு உறுதியாகச் சொல்லும்போது, ‘இல்லை, நான் வேற தெரு’ என்று சொல்ல அதற்கு வாய் ஏது?

அந்த ஆவணியில் கிதர் முகம்மது சொந்த வீட்டுக்குக் குடிபோனார். அவரும் மனைவி ரம்ஜான் பீவியும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு முடுக்குச் சந்தில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீட்டில் நண்பகலிலும் லைட் போட வேண்டும். துணி இரண்டு நாளானாலும் காயாது. ரம்ஜான் பீவிக்கு அங்கேதான் இழுப்பு வந்தது. மழைக்காலத்தில் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மகள் ருக்சானாவைக் கட்டிக்கொடுத்து முடித்ததும், மலைக்கு அந்தப் பக்கம், வண்டிப்பேட்டைத் தெருவில் வீடு பார்த்தபோது, ரம்ஜான் பீவி சமையற்கட்டையும் பார்க்கவில்லை, குழாயையும் திறந்து பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் விழுந்த வெயிலில் போய் நின்றுகொண்டு, “இதுதாங்க” என்றார். சாமான் இறங்குவதற்கு முன்பே எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டார். அதன்பிறகு தினமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெயில் நகர நகரத் தாமும் நகர்ந்து உட்காருவார். இரண்டே மாதத்தில் மருந்து உறிஞ்சுகிற குழல் அலமாரிக்குப் போய்விட்டது. அவர் மூச்சுவிடுவது சத்தமில்லாமல் இருந்ததால், ராத்திரியில் கிதர் முகம்மது பயந்துபோய் எழுந்து மூக்கருகே கை வைத்துப் பார்த்தது உண்டு.

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கிளம்பும்போது அலமாரிக் கண்ணாடிமுன் நின்று வேட்டி கட்டினார். இடப்பக்கம் மடித்துச் செருகினார். கண்ணாடிக்குள் இருந்த கிதர் முகம்மது வலப்பக்கம் செருகிக்கொண்டு நின்றார். நாற்பது வருடமாகக் கண்ணாடி வெட்டிப் பிழைக்கிற மனிதருக்கு அன்றுதான் கண்ணாடி என்ன செய்யும் என்று உறைத்தது. போனில் அந்தப் படத்தை எடுத்து, கண்ணாடிக்குக் காட்டினார். வாசலில் நின்ற ஆட்கள் எல்லாரும் ஒரே நொடியில் வலப்பக்கம் செருகியவர்களாக மாறினார்கள். எவனோ ஒரு ஸ்டூடியோக்காரன் எந்தக் காலத்திலோ நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறான். நிழல் சூரியனைப் பார்த்து விழுந்ததன் காரணமும் அப்போது விளங்கியது. அட, ஊரே பார்த்ததே, ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! மலையையும் அன்றுதான் உற்றுப் பார்த்தார். கண்ணாடிக்குள் தெரிந்த மலையின் சரிவு, அதன் தோளில் இருந்த பாறைப் புடைப்பு, எல்லாம் பழகிய உருவமாக இருந்தது. தலையை நிமிர்த்தினார். அதே மலை, அதே சரிவு, அவர் வீட்டுச் சன்னலில் நின்றுகொண்டிருந்தது.

வண்டிப்பேட்டைத் தெருவில், கருப்பட்டி ஏற்றிவந்த வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தங்கிய சத்திரம் ஒன்று இருந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். அதன் மனையில்தான் அவருடைய வீடு நின்றது. வாயைத் திறந்து அந்தப் பெயரைச் சொன்னால் போதும், நிழல் பேகம்பூரை விட்டுக் கிளம்பிவிடும். கிளம்பி நேராக ரம்ஜான் பீவியின் நாற்காலிமேல் வந்து விழும்.

அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐப்பசி கழிந்து கார்த்திகையும் வந்தது. படம் பார்த்துப் பெயர் சொல்வதையே நிறுத்திவிட்டார். குழுவில் ‘பாய்க்கு உடம்புக்கு என்ன?’ என்று விசாரித்தார்கள். அலமாரிக் கண்ணாடிமேல் ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் கைலி கட்டிக்கொண்டார். பேகம்பூர்ப் பக்கம் போக வேண்டியிருந்தால் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். ஆனாலும் சேதி வரத்தான் செய்தது. சண்முகவள்ளி களத்தை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போகிறாள்; மூத்த பெண்ணை இந்த வருசத்தோடு படிப்பை நிறுத்தி அதே மில்லுக்குக் கூட்டிப்போகப் போகிறாள். அதைக் கேட்ட அன்று, சோற்றோடு வெஞ்சனத்துக்கு வைத்த மோர் மிளகாயைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தார்.

“என்னங்க, கண்ணாடிய மூடுனீக, கேக்கல. கடையச் சீக்கிரம் பூட்டுறீக, கேக்கல. மொளகா என்னங்க பண்ணுச்சு?” என்றார் ரம்ஜான் பீவி.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். பெட்ஷீட்டை விலக்கிப் படத்தைக் கண்ணாடிக்குக் காட்டினார். ரம்ஜான் பீவி நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய்க் கூடத்து வெயிலில் போட்டு, சாயங்காலம் வெயில் சுவரேறிப் போகிறவரை அதிலேயே உட்கார்ந்திருந்தார். அழுதார். அந்த வெயிலை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை. அதை மறைத்துப் பேசுவதில் என்ன பிரயோசனம்? பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவரின் போனை வாங்கினார்.

“யா அல்லா, உனக்கு மறுபடி இழுப்பு வந்துரும் புள்ள” என்றார் கிதர் முகம்மது.

“வந்தா வரட்டும். சந்துக்குள்ள அம்புட்டு வருசம் கெடந்தேன்ல, இன்னும் செத்த காலம் கெடக்குறேன். அந்த வத்தக்காரப் புள்ளையோட வெயில்ல நான் உக்காந்து காய முடியாதுங்க.”

குரல் பதிவில் பேசிப் பழக்கமில்லாததால், தூரத்தில் இருக்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல உரக்கச் சொன்னார்: “நான் கிதர் முகம்மது வீட்டுல பேசுறேன். அந்த ஏழு சன்னல் கட்டடம் முசாபர்கானா இல்ல. படத்தத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிட்டாக. அது கருப்பட்டிச் சத்திரம். வண்டிப்பேட்டைத் தெரு. எங்க வீடு இருக்க எடந்தான்.”

மறுநாள் சூரியன் எழும்பியும் வீட்டில் விடியவில்லை. கூடம், சமையற்கட்டு, மாடிப்படி எல்லாம் இருட்டு. ரம்ஜான் பீவி அலமாரியைத் திறந்து குழலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கிதர் முகம்மது அவருக்கு எதிரே உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் காலைப் பிடித்துவிட்டார். பேகம்பூரிலிருந்து அறிவுச்செல்வி போனில் கூப்பிட்டார். களம் பளிச்சென்று கிடக்கிறதாம். சண்முகவள்ளி மில்லுக்குப் போகாமல் பாய் விரித்துக்கொண்டிருக்கிறாளாம். “நல்லாருக்கட்டும்” என்றார் ரம்ஜான் பீவி. மனதாரத்தான் சொன்னார், ஆனால் இடுப்பில் இருந்த குழலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எட்டு மணி சுமாருக்கு மேலேயிருந்து மரக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் வீட்டில் மரக்கதவுச் சன்னலே கிடையாது. கூடத்துத் தரையில், இருட்டின் நடுவே, வளைந்த தலையோடு ஆள் உயரத்துக்கு ஒரு வெயில் துண்டு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஏழு சன்னலும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. பேகம்பூரில் இருந்தவரை அந்தச் சத்திரம் ஒருநாளும் சன்னலைத் திறக்கவில்லை, அது தன் இடமில்லை என்று அதற்குத் தெரியும். சொந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் முதலில் செய்கிற வேலை சன்னலைத் திறப்பதுதானே? ஊரில் எல்லாருடைய போனிலும் இருந்த அந்தப் படத்தில்கூட அன்று முதல் ஏழு சன்னலும் திறந்தே இருக்கின்றன. இதை அறிவுச்செல்வி குழுவில் குறிப்பிட்டார். முப்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அத்தோடு சரி.

மூத்த பெண் படிப்பைத் தொடர்ந்தாள். தை பிறந்ததும் சண்முகவள்ளி ஒரு தூக்கு நிறைய மோர் மிளகாய் கொண்டுவந்தாள். முதல் வெயிலில் காய்ந்ததாம். ரம்ஜான் பீவி அவளை இரண்டாம் சன்னலில் உட்காரவைத்துவிட்டு, தாம் மூன்றாம் சன்னலில் உட்கார்ந்துகொண்டார். அவ்வப்போது ஏதோ ஒரு சன்னல் வெயிலில் ஓர் ஆளின் நிழல் குறுக்கே போகும். வண்டிக்காரர் யாராவது முகம் கழுவப் போகிறார்போல என்று காலை மடக்கி வழிவிடுவார்கள். குழல் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. கிதர் முகம்மது மறுபடி படங்களுக்குப் பெயர் சொல்கிறார்; சொல்வதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை கண்ணாடிக்குக் காட்டிக்கொள்கிறார். சாயங்காலம் கடையிலிருந்து அவர் உள்ளே நுழைகிற சத்தம் கேட்டால், ரம்ஜான் பீவி இருந்த இடத்திலிருந்தே கூப்பிடுவார்: “வந்துட்டீகளா? நான் ஏழாஞ்சன்னல்ல இருக்கேன். வெயில் போறதுக்குள்ள டீயப் போட்டுக் கொண்டாங்க.”