லார்சன் ஆக்கள் ஆர்?

மகள் அனோஜினி கட்ட விரும்பிய ஏத்தியன் லார்சன் வெள்ளைக்காரன் என்பதில் றோஸ்மேரிக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவன், வேலையில் இருப்பவன், அவள் வைத்த இறால் குழம்பை மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டு முடித்தவன். சிக்கல் வேறு. அவனை விசாரிக்க வழியில்லை. மன்னாரில் ஒரு மாப்பிள்ளை என்றால் இரண்டு பேருக்குப் போன் அடித்தால் போதும். பாட்டன் எந்த வருடம் யாரோடு வேலிச் சண்டை பிடித்தான் என்பதுவரை வந்துவிழும். லார்சன் என்று ஒருவனை விசாரிக்க யாருக்கு அடிப்பது?

“ஆக்கள் ஆரெண்டு தெரியாமல் நான் மண்டபத்துக்கு ஓம் சொல்லமாட்டன்” என்று மகளிடம் சொல்லிவிட்டாள். கலியாணத்துக்குக் கோயில் மண்டபத்தை ஞாயிறு வரைதான் பிடித்துவைக்க முடியும் என்று பங்குத் தேவாலயத்தில் சொல்லியிருந்தார்கள். அனோஜினி அழவில்லை. நேரே அண்ணனிடம் போய் லார்சன் குடும்பத்தைத் தேடித் தரச் சொன்னாள்.

டனிஸ்ரன் பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன். குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் இரவுவேலை. பகலில் படுத்திருப்பதால் அவன் சும்மா இருக்கிறான் என்பது தாயின் நம்பிக்கை. பத்து வருடமாகியும் அது அசையவில்லை. தங்கைக்காக அவன் இரண்டு வாரத் தூக்கத்தைப் பாதியாக்கினான்.

ஏத்தியனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அவனுடைய பூட்டனின் தகப்பன் நில்ஸ் லார்சன், 1858இல் நோர்வேயில் பிறந்து, இருபத்துமூன்று வயதில் கப்பலேறிக் கெபெக்கில் இறங்கி, மொன்றியலில் தச்சுவேலை செய்தவன். பிறந்த பங்கின் பெயர் வீட்டு வேதாகமத்தில் எழுதியிருந்தது. நோர்வேக்காரர் பழைய கோயில் ஞானஸ்நானப் பதிவுப் புத்தகங்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். கோழி கிளறியதுபோன்ற எழுத்து. டனிஸ்ரன் விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தான். தாய், தகப்பன் செபமாலை, அனோஜினி, ஏத்தியன் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

“பெரிய குடும்பம் அம்மா. அந்த ஒரு பங்கிலயே நூற்றிப்பன்ரெண்டு லார்சன்.”

றோஸ்மேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் கோடுகளைத் தொட்டுப் போனாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

“மடையா, இவன்ர தேப்பன் லார்ஸ். இவன்ர தேப்பன் வேறையொரு லார்ஸ். லார்சன் எண்டா லார்சின்ர மோன், உது தேப்பன்ர பேரடா! உன்ர அடையாளக் கார்ட்டில கடைசிப் பேர் என்ன?”

“செபமாலை.”

“அப்ப மொன்றியல்ல இருக்கிற செபமாலையெல்லாம் உனக்குச் சொந்தமோ?”

“எனக்கே தெரியாமல் இவ்வளவு பிள்ளையளோ?” என்றார் செபமாலை.

இரண்டு வார உழைப்பு மேசையிலேயே செத்தது. டனிஸ்ரன் தன் தலையில் அடித்துக்கொண்டான். அந்த வருடம் அந்தப் பங்கில் லார்ஸ் என்றவர்களுக்குப் பிறந்த நில்ஸ் மட்டும் ஐந்து பேர். இதில் எவன் ஏத்தியனுடையவன்?

“மொன்றியல்ல முதல் பிள்ளைக்கு ஞானத்தாயா நிண்டது ஆர்?” என்று தாய் கேட்டாள். இப்போது அவளுக்குச் சூடு பிடித்துவிட்டது.

அனோஜினி பிரெஞ்சில் சொல்ல, ஏத்தியன் போனைத் தட்டி, அந்த முதல் பிள்ளையான பூட்டனின் ஞானஸ்நானப் பத்திரத்தைக் காட்டினான். ஞானத்தாய் சிக்ரிட், லார்சின் மகள்.

“தேப்பன்ர அக்காதான். வேறை ஆர் நிப்பினம்? சிக்ரிட் எண்டு தமக்கை இருக்கிற நில்சைப் பார்.”

மேசையில் சோறு ஆறியது. ஐந்து வீட்டையும் புரட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் போனது. ஒரே ஒரு நில்சுக்குத்தான் சிக்ரிட் என்று அக்கா இருந்தாள்.

“ஆள் பிடிபட்டிட்டார்” என்றாள் றோஸ்மேரி. “தேப்பன் என்ன தொழில்?”

தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் கிடந்தது. அதன் அர்த்தம் டனிஸ்ரனுக்குத் தெரியும். அனோஜினிக்கும் தெரியும், மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தாள்.

“கமம், சொந்த வயல் எண்டு சொல்லு அண்ணை” என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

அவனுக்குப் பொய் வராது. அதனாலேயே இரண்டு வேலை போனது.

“சொந்தக் காணி இல்லை. மற்றவன்ர காணியில குடில் போட்டிருந்து கூலிவேலை.”

ஏத்தியன் ஆளுக்காள் முகத்தைப் பார்த்தான். செபமாலை தண்ணீர் குடித்தார். ஞாயிறு நாளைக்கு.

றோஸ்மேரி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“இந்த நில்சை ஞானஸ்நானத்துக்கு ஏந்திக்கொண்டு நிண்டது ஆர்?”

டனிஸ்ரன் எழுத்தெழுத்தாக வாசித்தான். “பேர் கூரி. தேப்பன் கூலி செய்த அதே கமத்தின்ர பேரும் போட்டிருக்கு... அம்மா, இது அந்தக் காணிக்காரன்ர மனிசி.”

“வடிவாப் பார்.”

“பாத்திட்டன். அவன்ர மனிசிதான்.”

றோஸ்மேரி கதிரையில் சாய்ந்தாள். “காணிக்காரி கூலிக்காரன்ர பிள்ளையை ஏந்திக்கொண்டு பீடத்தடிக்குப் போயிருக்கிறாள். அவன் குடிகாரன் எண்டா, கள்ளன் எண்டா, சண்டைக்காரன் எண்டா போவாளே? ஒரு வளவுக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு எல்லாம் தெரியும். நான் போன் அடிச்சு விசாரிச்சிருந்தா அவள் இதைத்தான் சொல்லியிருப்பாள். அனோ, மண்டபத்துக்குப் போன் அடி.”

அனோஜினி தாயைக் கட்டிப்பிடித்ததில் தாயின் கண்ணாடி சோற்றுக்குள் விழுந்தது. செபமாலை அதை எடுத்துத் துடைத்தார். டனிஸ்ரன் ஆறிய சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு அப்படியே உண்ணத் தொடங்கினான்.

ஏத்தியனுக்கு எல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. கேட்டுவிட்டு அவன் மரியாதையாகக் கையைத் தூக்கினான். பழகிவைத்த தமிழில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்.

“மாமி... நானும் விசாரிக்கலாமோ?”

செபமாலைக்குச் சிரிப்பில் புரைக்கேறியது. “கேள் தம்பி, கேள்! விடாத!”

“எங்கட மன்னார்க் கோயில் புத்தகம் யுத்தத்துக்குள்ள எரிஞ்சுபோச்சு” என்றாள் றோஸ்மேரி அசையாமல். “ஒரு தாளும் மிச்சமில்லை. நல்ல ஆக்கள் எண்டு நான் சொல்லுறன். நம்பினா நம்பு.”

டனிஸ்ரன் அதைப் பிரெஞ்சில் சொன்னான், ஒரு சொல்லும் மாற்றாமல். ஏத்தியன் தூக்கிய கையை இறக்கினான்.

“ஓம் மாமி” என்றான்.

“அப்ப இரு, சாப்பிடு” என்று அவள் குழம்பைச் சூடாக்க எழும்பினாள்.