முன்னைவிட நல்ல கை

என்னை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். தலையில் சாந்துச் சட்டி இருந்தாலும் வாய் ஓயாது. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று என்னைத் திட்டாத மேஸ்திரி கிடையாது. அந்த வாய்க்கும் ஒரு சமயம் வேலை வந்தது. அக்காவுக்காக மாடிப்படியில் உட்கார்ந்து காவல் காத்தேன். கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும், கடைசிவரை வராது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. பக்கத்துத் தகரக் கொட்டகையில் குடியிருப்பவள். அவள் புருஷன் கொத்தனார், அவள் அவருக்குச் சித்தாள். எங்கள் இடத்தில் செங்கல் வேலைக்கு ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். கொத்தனார் கல் வைக்க, சித்தாள் கலவையும் கல்லும் எடுத்துக் கொடுக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி என்றால் இன்னும் வசதி, ஒரே கொட்டகையில் அடைத்துவிடலாம். ஆண்பிள்ளை சித்தாளாக வந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் கொத்துக்கரண்டியைக் கையில் எடுத்துவிடுவான். பெண்பிள்ளைக்குத் தலை நரைத்தாலும் அதே சட்டிதான். எங்கள் மேஸ்திரியே அரும்புமீசையோடு அக்காவுக்குப் பக்கத்தில் சட்டி தூக்கியவன். இப்போது அவன் சட்டைப்பையில் அளவு டேப் இருக்கிறது, அக்கா தலையில் சட்டி தாங்கும் சும்மாடு இருக்கிறது.

சும்மாடு இருக்கவேண்டிய தலையே இல்லை அது. கழுத்து எலும்பு தேய்ந்துபோய், ராத்திரியில் இடது கை மரத்துப்போகும். இனிமேல் தலையில் சுமை ஏற்றவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். தலையில் ஏற்றாமல் வயிற்றுக்கு என்ன வழி என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேடவேண்டுமே என்று பகல் முழுக்க நாக்கு வறளக் கிடப்பவர்கள் நாங்கள். வீட்டுக்கு இரண்டு கழிவறை வீதம் கட்டுகிறோம், எங்களுக்கு இருட்டின பிறகு மணல்மேட்டின் பின்பக்கம். இதில் கழுத்துவலியைப் பெரிதாகப் பேச யாருக்கு நேரம்?

அப்படி இருக்கும்போதுதான் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது மணிக்கட்டு போயிற்று. கட்டுப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. மேஸ்திரி வந்து பார்த்தான். கை சரியானால் திங்கட்கிழமை ஜோடியாக வேலைக்கு வாருங்கள், இல்லாவிட்டால் கொட்டகையைக் காலி செய்து கொடுங்கள், வேறு ஜோடி காத்திருக்கிறது என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதையாகச் சொன்னாலும் தெரு தெருதான்.

யோசனை அக்காவுடையது. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், சுவரை நான் கட்டுகிறேன் என்றாள். அவளுக்கு வேலை தெரியும். இத்தனை வருஷம் கல் எடுத்துக் கொடுத்த கை, கண்ணை மூடிக்கொண்டா கொடுத்தது? அவருக்குக் காய்ச்சல் வந்த நாளிலும், குடித்துவிட்டுத் தலை தூக்காமல் கிடந்த நாளிலும், மிச்சம் இருந்த கல் வரிகளை யாருக்கும் தெரியாமல் அவள்தான் ஏற்றியிருக்கிறாள். கொத்தனார் சரி என்றார். வேறு வழி என்ன இருந்தது?

மூன்றாவது மாடியில் உள் அறைகளுக்குச் சுவர் எழுப்பும் வேலை. அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது. எனக்குப் படிக்கட்டுத் திருப்பத்தில் மணல் சலிக்கிற வேலை. யாராவது மேலே ஏறினால் நான் குரலை உயர்த்த வேண்டும். "என்ன மேஸ்திரி, மூச்சு வாங்குது, வயசாகுதா?" என்று ஒரு தடவை கத்தினால் போதும். உள்ளே கொத்தனார் மடங்காத விரல் நடுவில் கரண்டியைச் செருகிக்கொள்வார். அக்கா காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு எதிரே வந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் அவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு வேண்டிய கலவையில் பாதிக்குமேல் நானே சுமந்து போட்டேன். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கப் பிடித்திருந்தது.

நூல் கட்டி, கல்லை நனைத்து, கலவையை ஒரே வீச்சில் பரப்பிக் கல்லை வைப்பாள். கரண்டிப் பிடியால் ஒரு தட்டு. இரண்டாவது தட்டு தேவைப்படாது. வேலைக்கு நடுவில் அவள் முணுமுணுவென்று ஏதோ பாடியதை நான் கேட்டேன். என்ன பாட்டு என்றதற்கு, பாடினேனா என்று என்னையே கேட்டாள். கழுத்துவலி குறைந்தது, கை மரத்துப்போவது நின்றது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "இப்படியே இருந்துட்டா போதும் ரேடியோ, பேரு யாருக்கு வேணா போகட்டும்" என்றாள். அப்போது அவள் மனசாரத்தான் சொன்னாள்.

முதல் அறை முடிந்ததும் சுவர் நேராக நிற்கிறதா என்று மேஸ்திரி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான். மூலையில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "கீழ விழுந்ததுல கை முன்னைவிட நல்லாயிடுச்சுண்ணே" என்று கொத்தனார் தோளில் தட்டினான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று நினைத்தேன். இரண்டாவது அறை முடிந்தபோது தலை குனியவில்லை, சிரித்தார். மூன்றாவது அறை முடிவதற்குள் டீக்கடையில் மற்றக் கொத்தனார்களுக்கு மூலை எடுப்பது எப்படி என்று பாடம் நடக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு ஒருநாள், யாரும் படியேறி வராதபோதே, கலவையில் தண்ணீர் அதிகம் என்று அக்காவைக் கடிந்துகொண்டார். இங்கே யாரும் இல்லை மாமா, யாருக்காக இந்த நாடகம் என்று கேட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை, எனக்குத்தான் புத்தி மெதுவாக வேலை செய்கிறது.

வெளிப்பூச்சுக்காக வெளிச்சுவரை ஒட்டிச் சாரம் கட்டினார்கள். நான் படிக்கட்டைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க, மேஸ்திரி சாரத்தில் ஏறி ஜன்னல் வழியாக உள்ளே குதித்தான். அவன் பின்னால் இரண்டு கொத்தனார்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டு நான் ஓடினேன். அக்கா இடுப்பளவு சுவருக்கு முன்னால் கரண்டியோடு நின்றாள். கொத்தனார் செங்கல் அடுக்கில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்திருக்கிறார், கண் சிவந்திருந்தது.

இதை யார் கட்டுவது என்று மேஸ்திரி கேட்டான். அக்கா புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "நான்தான். இந்தச் சுவரு மட்டும் இல்ல, எல்லா ரூமும் நான்தான். அவருக்கு விரல் மடங்கல. ஏமாத்தணும்னு செய்யல, கொட்டகையை விட்டுப் போக இடமில்ல. எனக்குச் சட்டி தூக்க முடியாதுப்பா, கழுத்து போச்சு. கரண்டியைக் கொடு, கொத்தனார் கூலிகூட வேணாம், சித்தாள் கூலியே கொடு."

மேஸ்திரி கெட்டவன் இல்லை. சுவரைத் தடவிப் பார்த்தான். அப்புறம் கொத்தனார் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்கண்ணே. பொம்பளைகிட்ட கரண்டியைக் கொடுத்தா இவனுங்க எல்லாம் என்னைத்தான் கேப்பாங்க. 'என் பொண்டாட்டிதான் கட்டினா, நல்லாத்தான் கட்டினா'ன்னு நீங்க வாயால சொல்லிட்டா, மத்ததை நான் பாத்துக்கறேன்."

அக்கா அவர் வாயையே பார்த்தாள். நானும்தான். ஒரே ஒரு வார்த்தை. எத்தனையோ வருஷம் அவருக்குக் கல்லும் கலவையும் சோறும் எடுத்துக் கொடுத்தவளுக்கு அவர் எடுத்துக் கொடுக்கவேண்டியது அது ஒன்றுதான்.

கொத்தனார் மேஸ்திரியைப் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்ற இரண்டு பேரைப் பார்த்தார். அதில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"சுவரு என்னுது" என்றார். "இன்னிக்குக் கை வலிச்சுது, அதான் ஒரு வரி வைக்கச் சொன்னேன். அவளுக்கு இதெல்லாம் வராது. நாளைக்கு இடிஞ்சா என் பேருதான் கெடும்."

அக்கா கத்தவில்லை. வேறொரு சுவர் கொடு, உன் கண்முன்னால் கட்டிக் காட்டுகிறேன் என்று மேஸ்திரியிடம் கேட்டாள். நானும் இடையில் புகுந்து, நான் சாட்சி, ஒவ்வொரு கல்லும் அவள் வைத்தது என்றேன். ரேடியோ பேச்சை யார் கேட்பார்கள்? ஜன்னலில் இருந்தவன் இப்போது வாய்விட்டே சிரித்தான். கட்டின புருஷனே வராது என்கிறபோது நான் எப்படியக்கா கொடுப்பது என்று கேட்டுவிட்டு மேஸ்திரி டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்த மனுஷன் முகத்தில் கலவையை அள்ளி வீசியிருப்பேன். அக்கா என் பக்கம் திரும்பி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மேஸ்திரி நியாயமாக நடந்துகொண்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். கை இனிமேல் உதவாது என்று தெரிந்தும், இவ்வளவு நல்ல வேலைக்காரரை எப்படித் துரத்துவது என்று கொத்தனாரை வாசலில் காவலுக்குப் போட்டான், உட்கார நாற்காலியும் கொடுத்தான். கொட்டகை அவர்களுக்கே இருந்தது. அக்காவை வேறொரு கொத்தனாருக்குச் சித்தாளாக அனுப்பினான். வீடு வாங்க வருகிறவர்கள் மூன்றாவது மாடிச் சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது, இதெல்லாம் இவர் கைவேலை என்று மேஸ்திரி நாற்காலியைக் காட்டுவான். அவர் எழுந்து கும்பிடுவார். கைக்காரர் என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

அக்கா சும்மாடு சுற்றிக்கொண்டு நான்காவது மாடிக்கு ஏறினாள். புதுக் கொத்தனார் ஜன்னலில் சிரித்தவன்தான். அவன் நூல் கட்டியும் கோணலாக வைப்பான். கல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். சட்டியில் பாதி மட்டும் நிரப்பு என்று அடிக்கடி நான் கெஞ்சுவேன். பாதியாக நிரப்பினால் இரண்டு மடங்கு ஏறவேண்டும் என்பாள். அவள் இடது கை இப்போது பகலிலேயே மரத்துப்போகிறது. டம்ளர் இரண்டு தடவை நழுவி விழுந்துவிட்டது.

எங்கள் இரண்டு கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம்தான். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும். நேற்றுச் சாயங்காலம் அவள் வந்து சும்மாட்டை உதறிப் போட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. மேலே சுவர் எப்படி வருகிறது, நேராக இருக்கிறதா என்று விசாரித்தார்.

அக்கா அகப்பையைப் பானையில் தட்டினாள். பிறகு, "நீங்க கட்டின மாதிரி வருமா?" என்றாள்.

"வராதுதான்" என்று அவர் சொன்னது கேட்டது. பெருமையாகத்தான் சொன்னார்.