சர்வர் படிக்கும் ஃபைல்

செயற்கைக் கால் செய்கிறவளுக்கு அன்று காலை பத்து மணிக்கே தலைக்கு மேல் வேலை. முன்னறையில் பஸ் டிரைவர், விரிசல் விட்ட தன் காலைக் கழற்றி மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நாளை மறுநாள் உடல்தகுதித் தேர்வு. அதில் நடந்து காட்டாவிட்டால் ஸ்டீயரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். நண்பகலுக்குள் அச்சு வார்த்தால்தான் புதுக் கால் தயாராகும். மறுபடி அளவெடுக்கலாம் என்றால் தொடை வீங்கிக் கிடந்தது. வீங்கிய தொடையில் எடுத்த அளவு வீக்கத்துக்குத்தான் பொருந்தும். போன வருட அளவு கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரோ வாயைத் திறக்க மறுத்தது.

தப்பு அவளுடையதுதான். சி டிரைவ் நிரம்பிவிட்டதென்று நேற்று எல்லோருடைய அளவுகளும் இருக்கும் டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே டி டிரைவுக்கு மாற்றியிருந்தாள். டேட்டாபேஸை இயக்கும் புரோகிராம்தான் சர்வர்; வீடு மாறிய சேதியை அதனிடம் சொல்ல வேண்டிய இடம், அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைல். இதையெல்லாம் அமைத்துத் தந்த தம்பி அதை டெஸ்க்டாப்பிலேயே வைத்துக் கொடுத்திருந்தான். புது முகவரியை அதில் எழுதி, சேமித்து, சர்வரைக் கிளப்பினாள். கிளம்பவில்லை. மூன்று முறை முயன்றும் அதே பிடிவாதம்.

"உன் தம்பி விமானத்துல இருக்கான். சாயங்காலம் இறங்கினதும் கேட்டுக்கலாமே?" என்றார் கணவர்.

"சாயங்காலம் கேட்டு நான் என்ன பண்ண? நீங்க போய் டிரைவர் அண்ணனுக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க."

நான்காவது தடவை அதே ஃபைலில் கை வைக்கப் போனவள் நிறுத்தினாள். வலிக்கிறது என்று வருகிறவரிடம் எங்கே உறுத்துகிறது என்று கேட்காமல் அவள் ஒருநாளும் அரத்தைத் தொட்டதில்லை. சர்வரை மட்டும் கேட்காமலே ராவிக்கொண்டிருக்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

சர்வீஸஸ் பட்டியலைத் திறந்து, டேட்டாபேஸின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸைப் பார்த்தாள். ரயில் நீளத்துக்கு ஒரு வரி. அதன் கடைசியில் சர்வர் படிக்கிற ஃபைலின் முகவரி. டெஸ்க்டாப் இல்லை! சி டிரைவில், கண்ணில் படாமல் மறைத்து வைத்த ஏதோ ஒரு ஃபோல்டர்.

தேடிப் பிடித்துத் திறந்தாள். முதல் வரி, சர்வர் படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பு வரி, தம்பி எழுதியது: "# அக்கா எல்லாத்துலயும் கை வைப்பா. அவளுக்கு விளையாட டெஸ்க்டாப்ல ஒரு நகல் இருக்கு. இதை யாரும் அவளுக்குக் காட்டாதீங்க."

அவளுக்குக் காது வரை சூடேறியது. மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்துத் திருத்தியதெல்லாம் பொம்மை ஃபைலையா! ஆனால் கோபப்பட நேரமில்லை. மணி பதினொன்றரை. முன்ஜாக்கிரதையாக ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஃபோல்டர் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரே ஒரு வரியை மாற்றினாள். ஸ்டார்ட்டை அழுத்தினாள்.

ரன்னிங் என்றது. டிரைவரின் தொடைச் சுற்றளவு, நீளம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கிடைச்சுதாம்மா?" முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"கிடைச்சுதுண்ணே. கால் நான் தர்றேன், நடக்கிறது உங்க பொறுப்பு."

அச்சு வார்த்து முடித்து, கையில் ஒட்டிய பிளாஸ்டரைக் கழுவிவிட்டு, மறுபடி அந்த ஃபைலைத் திறந்தாள். தம்பியின் வரிக்குக் கீழே இன்னொன்று எழுதினாள்.

"# கை வச்சாச்சுடா. பொம்மையை நீயே வச்சுக்கோ."