அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள்

தட்டாஞ்சாவடியில் கன்னியப்பனின் பட்டறையில் அப்போது இரண்டு இழைப்பு மெஷின்கள் விலைக்கு இருந்தன. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். வளைந்த பலகையை மேடையில் வைத்துத் தள்ளினால், நடுவில் சுழலும் கத்தி மேட்டைச் சீவி முகத்தைச் சமமாக்கும், ஓரத்தை நேராக்கும். அப்படி நேரான இரண்டு பலகைகளைச் சேர்த்து ஒட்டினால் இடையில் வெளிச்சம்கூடப் புகாது. வித்தியாசம் மேடையின் நீளத்தில்தான். ஒன்று மூன்றடி, மற்றது ஆறடி. நீளமானது ஆறாயிரம் ரூபாய் கூடுதல்.

மூன்று வாரமாக அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். பென்ஷன்காரன் சாமான் வாங்குவது என்றால் அப்படித்தான். பாதி பேரத்துக்காக, பாதி பேச ஒரு ஆள் கிடைக்கிறதே என்பதற்காக. இதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

கன்னியப்பன் பழைய மெஷின்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவர். அவசரமே இல்லாத மனுஷர். நாலாவது தடவை போனபோது, கையில் இருந்த பஞ்சால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ நீளப் பலகை சார் இழைப்பீங்க?"

"ஆறடி. மேசைக்கு."

"அப்ப பெருசு எடுத்துக்குங்க. சின்னதுல ஆறடிப் பலகை பாதி தாண்டுனதும் முன்னால தொங்கும். வால் மேல தூக்கும். தூக்குனா கத்தி கடிச்சிடும். அந்தப் பக்கம் நின்னு பிடிக்க ஆள் இருந்தா சின்னதே போதும். ஆள் இருக்குதா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

"இருக்கு. வீட்டுல இருக்காங்க" என்றேன்.

"அப்ப எதுக்கு சார் ஆறாயிரத்தை வீணாக்கறீங்க? சின்னதே எடுத்துக்குங்க. சரிப்படலன்னா ஒரு வாரத்துல கொண்டாந்து மாத்திக்கலாம்."

வீட்டில் யாரும் இல்லை. என் மனைவி ஆனந்தமேரி இரண்டு வருஷமாகக் கருவடிக்குப்பத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். என் முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. ஒரே மாதா கோயிலுக்குத்தான் போகிறோம். அவள் எட்டு மணிப் பூசைக்கு வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஐந்தரை மணிப் பூசைக்குப் போகிறேன்.

ஏன் போனாள் என்று சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் முப்பத்தி மூன்று வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் நான். கடல் இரைச்சலில் கத்தினால்தான் காதில் விழும். அந்தத் தொண்டையை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக நான் கற்றுக்கொள்ளவே இல்லை. மரவேலை எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். கை இழைப்புளிதான் அப்போது. நான் இந்த முனையில், பலகையின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு மேரி. இருபத்தாறு வருஷம் பிடித்தாள். இருபத்தாறு வருஷமும் திட்டு வாங்கினாள். ஒருநாள் பக்கத்து வீட்டு ராஜவேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது பலகை கொஞ்சம் அசைந்தது. "ஒரு பலகையப் பிடிக்கத் துப்பில்லையா ஒனக்கு?" என்று கத்தினேன். அவள் பலகையைக் கீழே போடவில்லை. மெதுவாக இறக்கி வைத்தாள். கை கழுவினாள். "இனிமே உங்க பலகைய நீங்களே புடிச்சிக்குங்க" என்றாள். சாயங்காலம் கிளம்பிவிட்டாள். நாலு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஒண்டிக்கட்டைக்கு எதற்கு ஆறடி மேசை என்று நீங்கள் கேட்கலாம். அது மேரி கேட்ட மேசை. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு மனிதர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டாள். செய்கிறேன் செய்கிறேன் என்று ஓட்டிவிட்டேன். அவள் போன பிறகு பலகை வாங்கினேன். எனக்கு எல்லாமே லேட்.

சின்ன மெஷினையே எடுத்தேன். காசு மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் பெரியதை வாங்கியிருப்பேன். ஆனால் அதை வாங்குவது, இனி அந்தப் பக்கம் நிற்க யாருமே வரப்போவதில்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பது மாதிரி இருந்தது.

மறுநாள் காலை கன்னியப்பன் குட்டியானை வண்டியில் மெஷினை ஏற்றி வந்து, தோட்டத்துத் தகரக் கொட்டகையில் இறக்கிப் பொருத்தினார். மட்டம் பார்த்து, ஒரு தரம் ஓடவிட்டு நிறுத்தினார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"அம்மாவக் கூப்பிடுங்க சார். அந்தப் பக்கம் எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்துடறேன். வெரல் சமாச்சாரம், பாருங்க."

இந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பின்கட்டு வாசலில் போய் நின்று, "மேரி!" என்று கூப்பிட்டேன்.

இரண்டு வருஷமாக அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னதில்லை. வீட்டுக்குள் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கன்னியப்பன் மரியாதையாகக் காத்திருந்தார். நான் இன்னொரு தரமும் கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பதில் வரும் என்று நானே நம்பிவிட்டேன்.

"அக்கா வீட்டுக்குப் போயிட்டா போலிருக்கு" என்றேன்.

கன்னியப்பன் கொடியில் தொங்கிய ஒரு வேட்டியையும் ஒரு துண்டையும் பார்த்தார். பஞ்சால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வந்தாங்கன்னா நீங்களே சொல்லிக் குடுங்க. இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது, கீழ கை குடுத்துச் சும்மாத் தாங்குனாப் போதும். இன்னொண்ணு சார், மெஷின் ஓடும்போது யாரும் கத்தக் கூடாது. கத்துனா எதிர்ல நிக்கிறவங்க திடுக்குன்னு அசைவாங்க. கை கத்தியில போயிடும்."

அவர் போனதும் ஒரு பலகையை நானே தள்ளிப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியே முன்பக்கம் தொங்கி, வால் எழும்பி, கத்தி ஒரு கவ்வு கவ்வியது. பலகை என் இடது கையை உரசிக்கொண்டு போனது. கட்டைவிரல் ஓரம் தோல் போனதோடு சரி. ராஜவேலைக் கூப்பிட்டிருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தப்பு என்னுதுதான், வீட்டுக்கு வா. ஏழெட்டு வார்த்தைகூட இல்லை.

மேரி முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பூசையில் உதவி செய்கிற பிள்ளைகளுக்கு வெள்ளை அங்கி தைத்துக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முதலில் என் விரலைத்தான் பார்த்தாள்.

"என்னா அது?"

"ஒண்ணுமில்ல. இழைப்பு மெஷின் வாங்கியிருக்கேன். ஆறடிப் பலகை. ஒண்டியாத் தள்ள முடியல. அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும். பத்து நிமிஷம்."

"ஆறடியில என்னா செய்றீங்க?"

"மேசை."

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பிறகு கேட்டாள்.

"ஆளே வேணாங்கற மாதிரி மெஷின் இல்லியா?"

"இருக்கு. ஆறாயிரம் கூட."

"அந்த ஆறாயிரத்துக்காகத்தான் என்னத் தேடி வந்தீங்களா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அவள் அதற்காகத்தான் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் குழந்தைக்கும் புரிந்திருக்கும். ஆனால் கேள்வி கேட்டால் எகிறியே பழகிய வாய் என்னுடையது.

"பின்ன எதுக்காம்?" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வார்த்தையை வாரி எடுத்து வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? மேரி தலையை ஆட்டினாள், எதிர்பார்த்ததுதான் என்பது போல. உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கவரோடு வந்து என் கையில் வைத்தாள்.

"போய்ப் பெருசா மாத்திக்குங்க."

"எனக்கு ஒன் காசு வேணாம், மேரி."

"உங்களுக்குக் குடுக்கல. உங்க கை போயிடுச்சின்னா நான்தான் வந்து சோறு ஊட்டணும். ஊர்ல அதத்தான் சொல்லுவாங்க. அதுக்கு இது சல்லிசு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு என் கட்டைவிரலுக்கு மருந்து போட்டுத் துணியால் கட்டிவிட்டாள். கட்டும்போது வலித்தது, நான் சத்தம் போடவில்லை. முடிச்சுப் போட்டதும் கையை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

மறுநாள் தட்டாஞ்சாவடிக்குப் போனேன்.

"என்னா சார், அம்மா வந்து பிடிக்கலியா?" என்றார் கன்னியப்பன்.

"அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்ல" என்றேன். "நான் ஒண்டிதான்."

அவர் பேரம் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

பெரிய மெஷின் நல்ல மெஷின்தான், குறை சொல்ல மாட்டேன். ஆறடிப் பலகை தானாகவே போய்ப் படுத்துக்கொள்கிறது. எட்டு நாளில் மேசை முடிந்தது. ஒட்டின இடத்தை விளக்கு வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் புகவில்லை. அதன் ஒரு முனையில் உட்கார்ந்து நான் சாப்பிடுகிறேன். கவர் கொடுத்த அன்றிலிருந்து எட்டு மணிப் பூசைக்குத்தான் போகிறேன், பின் வரிசையில் நிற்கிறேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது மற்றவர்களுக்கு அலமாரி, பெஞ்சு என்று செய்து தருகிறேன். பலகையைத் தள்ளும்போது, அது மறுமுனையைத் தொடுகிற நேரத்தில், "மெதுவா, மேரி, அவசரமில்ல" என்று சொல்லிவிடுகிறேன். கத்துவதில்லை. மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சொல்கிறேன்.