நாகம்மை பெயரில் ஒரு விரல்

அண்டி ஆபீஸுக்கு வருகைப்பதிவு மெஷின் வாங்க வேண்டும், அதை நீதான் போய்ப் பார்த்து எடுக்க வேண்டும் என்று மேனேஜர் சஜின் சொன்னபோது சுபிதாவுக்கு முதலில் வந்தது பெருமைதான். பயம் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு வந்தது.

முந்திரிக்கொட்டை ஆலையை அருமனைப் பக்கம் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆபீஸ் என்று பெயரே தவிர மேஜையும் நாற்காலியும் இருப்பது ஒரே ஒரு அறையில். அந்த அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் சுபிதா. பின்னால் தகரக் கொட்டகையில், வறுத்த கொட்டையை மரக்கட்டையால் தட்டி உடைக்கும் பெண்கள். அதில் ஒருத்தி நாகம்மை, சுபிதாவின் அம்மை.

கொட்டை உடைந்தால் ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். கையில் பட்டால் பொத்துப் போகும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஆனாலும் வருஷக்கணக்கில் அது தோலைத் தின்றுவிடும். நாகம்மையின் விரல் நுனிகள் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். ரேகை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே கிடையாது.

இப்போது அந்த விரலில்தான் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. நாகம்மைக்கு இருதயத்தில் வால்வு கோளாறு. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. ஆபரேஷனுக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு ஒன்றுதான் வழி. ஆபீஸில் ஆஜர் விழுந்துகொண்டிருந்தால்தான் கார்டுக்கு உயிர். கார்டுக்கு உயிர் போனால் அம்மைக்கும் போய்விடும். கணக்கு அவ்வளவுதான்.

"சின்னதா இருக்கணும்" என்று சஜின் சொல்லி அனுப்பியிருந்தான். "கரண்ட் போனாலும் ஓடணும், உள்ள பேட்டரி வேணும். லேன் ஒயர் குத்துக ஓட்டை வேணும். முதலாளி கொல்லத்துல இருந்து சாயா குடிச்சிட்டே யாரு வந்தா, யாரு வரலன்னு பாக்கணும். இது மூணும் இருந்தா எது வேணும்னாலும் எடு. உனக்க இஷ்டம்."

பாதி நாள் கரண்ட் இல்லாத 2012. பேட்டரி கேட்டது நியாயம். முதலாளி கொல்லத்துக்காரர். ஒயர் கேட்டதும் நியாயம். 'உனக்க இஷ்டம்' என்றதுதான் இடித்தது. சஜின் யாருக்கும் இஷ்டத்தை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

கடைக்காரர் ஐயப்பன் மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"இது கார்டு தேய்க்கது. பேட்டரி உண்டு."

சுபிதாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. "இதையே எடுத்துக்கிடுதேன் அண்ணே."

"அவசரப்படாத பிள்ள. இதுல ஒயர் குத்த முடியாது. பென் டிரைவுல எடுத்துதான் கொடுக்கணும்."

"ஒயர் குத்துக கார்டு மெஷினு?"

"எர்ணாகுளத்துல இருந்து வரணும். மாசக்கணக்காவும்."

சஜின் இன்றைக்கே கொண்டு வரச் சொல்லியிருந்தான். இரண்டாவது பெட்டிக்கு ஒயர் இருந்தது, பேட்டரி இல்லை. ஐயப்பன் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். பொசுக்கென்று அணைந்தது.

மூன்றாவது, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்து, வந்ததும் ஒயர் வழியே அனுப்பிவிடும். நடுவில் பச்சை வெளிச்சத்தோடு ஒரு கண்ணாடிச் சில்லு.

"விரல் வைக்கது" என்றார் ஐயப்பன். "இதுதான் இப்ப எல்லாரும் கொண்டு போறாவ."

சுபிதா அந்தச் சில்லைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகுதான் அதற்குக் கீழே இருந்த எண் பொத்தான்கள் கண்ணில் பட்டன.

"இது எதுக்கு அண்ணே?"

"விரல் பதியாதவங்களுக்கு. ஆளுக்கொரு ரகசிய நம்பர் கொடுத்துக்கிடலாம்."

போதும். சஜினுக்கு அவன் கேட்ட மூன்றும், கொட்டகைக்கு நம்பரும். மேனேஜரையே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தாள்.

மறுநாள் பதிவு. தோல் உரிக்கும் பகுதிப் பெண்பிள்ளைகள் விரல் வைத்தார்கள். 'தேங்க்யூ, தேங்க்யூ' என்று மெஷின் கிளிபோலச் சொல்லிக்கொண்டே இருந்தது. கொட்டகைக்காரிகள் வந்தார்கள். அதற்கு வாய் மாறிவிட்டது. 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.'

"ஏட்டி சுபிதா, இவ என்னத்த பறையுதா?" என்றாள் ஞானசெல்வி. கொட்டகையில் மூத்தவள், யாருக்கும் அடங்காத வாய்.

"திரும்ப வைக்கச் சொல்லுது சித்தி."

"எடுத்தாத்தானேட்டி திரும்ப வைக்க? எனக்க மாமியாரு கூட இப்பிடி நொட்டை சொன்னதில்ல."

கொட்டகையே சிரித்தது. வாசலில் சாய்ந்து நின்ற சஜினும் சிரித்தான். "ஆளே இல்லன்னுல்லா சொல்லுது! நீங்கள்லாம் பேயா?"

ரேகை போன ஆறு பேருக்கும் சுபிதா நம்பர் போட்டுக் கொடுத்தாள். அவரவர் மறக்காத எண்ணை அவரவரே சொன்னார்கள். மெஷின் ஏற்றுக்கொண்டது.

"கொள்ளாம்" என்றான் சஜின். "புத்திசாலிப் பிள்ளதான். அப்போ அட்மினுக்கும் உனக்க விரலையே வை. சேர்க்கதும் அழிக்கதும் இனி நீதான்."

அன்றைக்கு நாகம்மை வரவில்லை. மூச்சு வாங்கிப் படுத்திருந்தாள். அவளுக்கும் ஒரு நம்பர் போட்டிருக்கலாம். ஆனால் நம்பர் போட்டால் நாகம்மை தினமும் நடந்து வந்து அமுக்க வேண்டும். முடியாத நாளெல்லாம் ஆஜர் போகும். சுபிதாவே இன்னொரு தடவை நின்று அம்மைக்காக நம்பர் அமுக்கினால் சஜின் கண்ணில் படும்; இன்னொரு விரலை வைத்தால் படாது.

சாப்பாட்டு நேரத்தில் அறையில் ஆள் இல்லை. சுபிதா மெஷினில் அம்மையின் பெயரைத் தட்டினாள். தன் இடது மோதிர விரலைச் சில்லில் வைத்தாள்.

'தேங்க்யூ.'

"உனக்க பேரு பதிஞ்சாச்சு அம்மே" என்று வீட்டில் சொன்னாள். "நீ வரிசையில நிக்காண்டாம். மெதுவா வந்தா போதும், மத்தத நான் பாத்துக்கிடுவேன்."

"நான் கைய வைக்கவே இல்லியேட்டி?"

"அதுக்கு உன்னத் தெரியும்."

நாகம்மை அதை நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, கொட்டகையில் போய்ப் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். எனக்க மவ எடுத்த மெஷினு!

தினமும் காலையில் கட்டை விரல் சுபிதாவுக்கு, மோதிர விரல் நாகம்மைக்கு. மாதங்கள் ஓடின. ஆபரேஷனுக்கு அனுமதி வந்தது. அதற்கு முன்னால் சில பரிசோதனைகளுக்காக நாகம்மை நாகர்கோவிலுக்குப் போன அன்றைக்கும் சுபிதாவின் மோதிர விரல் தன் வேலையைச் செய்தது. பழக்கம்!

அன்று மத்தியானம் சஜின் கூப்பிட்டான். கையில் பழ பஜ்ஜி. எதிரே கம்ப்யூட்டர் திரை.

"இரி. பஜ்ஜி எடு."

"வேண்டாம் சார்."

"உனக்க அம்மைய காலையில நாகர்கோவில் பஸ்ஸுல நானே கண்டேன். பாவம், மூச்சு வாங்குது. ஆனா இஞ்ச பாரு, வேலைக்கும் வந்திருக்கா. ரெண்டு இடத்துலயும் நிக்காளே, அம்மன் மாதிரி!"

சுபிதா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"எந்த விரலு?"

அவள் இடது கையை மடக்கிக்கொண்டாள்.

"காட்டு."

மெஷினை அவள் முன்னால் தள்ளினான். அவள் மோதிர விரலை வைத்தாள். திரையில் நாகம்மை என்று வந்தது.

அவன் கோபப்படவில்லை. விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டான். "அந்தக் கடையில மூணு பெட்டி இருந்துல்லா? உனக்கு முன்ன நான் போயிப் பாத்தாச்சு. எது தோதுப்படும்னு எனக்குத் தெரியும். நீ எடுக்கணும்னுதான் அனுப்புனேன். நான் எடுத்தா ஞானசெல்வி எனக்க சட்டையப் பிடிப்பா. நாகம்மைக்க மவ எடுத்தா யாருக்க சட்டையப் பிடிப்பா?"

"சார்..."

"கொல்லத்துல இருந்து உடைக்க மெஷின் வருது. கொட்டகைக்கு இனி ஆறு பேரு வேண்டாம். நாம அனுப்பினா கேஸு, கொடி, கோஷம். தானா நின்னு போனா ஒண்ணும் இல்ல. தொடர்ந்து ஆஜர் இல்லன்னா தானா நின்னதுன்னுதான் அர்த்தம்." பஜ்ஜியை ஒரு கடி கடித்தான். "அந்த ஆறு நம்பரையும் அழிச்சிரு."

"அவங்க தெனமும் வாராங்க சார்."

"உனக்க அம்மையும்தான் வாரா, நாகர்கோவில்ல இருந்துட்டே. அத நான் கொல்லத்துக்குச் சொல்லட்டா? ஆஜர் எல்லாம் கள்ளம்னா கார்டு போச்சு. கார்டு போனா..." அவன் முடிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். "நான் உன்ன நிர்ப்பந்திக்கல. அட்மின் நீ. உனக்க இஷ்டம்."

அதே வார்த்தை.

வெளியே கொட்டகையில் கட்டைகள் தட்டும் சத்தம். ஞானசெல்வி எதற்கோ யாரையோ திட்ட, எல்லோரும் சிரித்தார்கள். நாகம்மைக்குக் கஞ்சி கொண்டு வந்து கொடுப்பவள் அவள். மூச்சு முட்டிய ஒரு நாள் தோளில் தாங்கி வீடு கொண்டு சேர்த்தவளும் அவள்தான். சுபிதாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வந்தும் கட்டை விரல் சில்லுக்குப் போனது. அட்மின். பெயர். அழி. உறுதியா என்று மெஷின் கேட்டது. ஆறு தடவையும் கேட்டது. ஆறு தடவையும் ஆமாம் என்று அமுக்கினாள்.

மறுநாள் காலையில் ஞானசெல்விதான் முதலில் வந்தாள். நம்பரைத் தட்டினாள்.

'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.'

மறுபடி. மறுபடி. பின்னால் நின்ற ஐந்து பேருக்கும் அதே பதில்.

"ஆஜர் இல்லாதவங்க உள்ள போவக்கூடாது" என்றான் சஜின்.

"ஆஜர் இல்லியா? இஞ்ச உனக்க மூக்குக்கு முன்னால நிக்கேன்."

"நீ நிக்கது எனக்குத் தெரியும். கொல்லத்துக்குத் தெரியாண்டாமா?"

ஞானசெல்வி சுபிதாவிடம் திரும்பினாள். "மக்கா, நீ சொல்லு. நேத்து வரைக்கும் இது எடுத்த நம்பருதானே?"

"மறந்திருப்பீங்க சித்தி."

"மறப்பேனா?" ஞானசெல்வியின் குரல் இறங்கியது. "குளச்சலுக்கு மீன் எடுக்கப் போன எனக்க மவன சுனாமி கொண்டு போன வருஷம்டி அது. அத நான் மறப்பேனா?"

சுபிதா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து நாகம்மை படியேறி வந்தாள், இளைத்துக்கொண்டே. "என்னத்துக்கு எனக்க பிள்ளையப் போட்டு கரிச்சுக் கொட்டுத? கையக் கழுவிட்டு ஒழுங்கா அமுக்கு. எனக்கெல்லாம் ஒரு தகராறும் இல்லியே!"

ஞானசெல்வி நாகம்மையின் கையைப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். தன் கையைப் போலவே மொழுமொழுவென்று இருந்தது. ஒரு விரலை இழுத்துச் சில்லில் அழுத்தினாள்.

'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.'

வேறு விரல். வேறு விரல். ஒன்றையும் அதற்குத் தெரியவில்லை.

நாகம்மை மெஷினைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். சுபிதாவின் இடது கை மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

"ஏட்டி..."

"அம்மே, நீ உள்ள போ."

"இவங்க?"

"உள்ள போ அம்மே. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும்."

சஜின் கதவை விட்டு விலகி நாகம்மைக்கு வழி விட்டான், மரியாதையாக. ஆறு பெண்களும் நாகம்மையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மூச்சு எல்லோருக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஞானசெல்வியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, தலையைத் தூக்காமல், கொட்டகைக்குள் நடந்தாள்.

ஞானசெல்வி தடுக்கவில்லை. "அவ நல்லா இருக்கட்டு" என்றாள் சுபிதாவிடம். "நீயும் இரி."

அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. சஜின் ரிசீவரை எடுத்துச் சுபிதாவிடம் நீட்டினான்.

"எந்தா மோளே?" கொல்லத்து முதலாளியின் குரல், சாயா உறிஞ்சும் சத்தத்தோடு. "அண்டி தல்லுன்ன ஷெட்டில் ஆறு பேரைக் காணானில்லல்லோ?"

சஜின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகையில் ஒரே ஒரு கட்டை தட்டத் தொடங்கியது.

"தானா நின்னுட்டாங்க சார்" என்றாள் சுபிதா.