பூச்சி அரித்த சுரம்

நவம்பர் பதினேழாம் தேதி காலை பத்தரை மணிக்கு, எங்கள் சான்த்தா பீபியானா மிஷன் கோவிலின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த கசில்டா சுருபி, அவள் கணவன் வயலினில் வாசித்த ஒரு சுரத்துக்குள் போய்விட்டாள். வாழைக்காயும் உப்புக்கண்டமும் சேர்த்து அரைத்து அவள் கொண்டுவந்திருந்த மசாக்கோ, பாத்திரத்தில் ஆவி பறக்க அங்கேயே இருந்தது.

கணவன் பெயர் நெமேசியோ மசாயி. பொலிவியாவின் இந்தக் காட்டுப் பக்கத்தில் இருபது வருடமாக எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சாவுக்கும் அவன் கட்டிய மெட்டுதான். ஆனால் பதினொரு மாதமாக அவனுக்கு ஒரு மெட்டும் வரவில்லை. கோவில் கூரையையும் தரையையும் புதுப்பித்தாகிவிட்டது, டிசம்பர் இரண்டாம் தேதி திருவிழா, அதற்குள் புதுப் பாட்டு வராவிட்டால் நகரத்திலிருந்து கீபோர்டு வரும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். மானம் போகிற விஷயம். பழைய சுவராவது ஏதாவது கொடுக்காதா என்று நெமேசியோ கோவிலில் போய் உட்கார்ந்தான். அங்கே ஒரு பெட்டியில் சேசுசபைப் பாதிரிமார் விட்டுப்போன இசைத்தாள்கள் இருந்தன. அவர்களை ஸ்பெயின் ராஜா நாடு கடத்தி இருநூற்றைம்பது வருடமாகியும் எங்கள் ஆட்கள் தாள் நைந்துபோகும்போதெல்லாம் புதிதாக நகல் எழுதி வைக்கிறார்கள். ஈயடிச்சான் காப்பி என்பது எங்கள் ஊரில் வசவு அல்ல, உத்தியோகம். மூலத்தில் பூச்சி போட்ட ஓட்டை இருந்தால் அதையும் கறுப்புச் சுரமாக எழுதிவைத்திருப்பார்கள். அப்படி ஒரு தாளின் கடைசியில், எந்தப் பாட்டிலும் சேராத ஒரு சுரம் நின்றது. அதன்பின் பூச்சி முழுதாகத் தின்றுவிட்ட மூன்று வரிகள், நகலிலும் வெறுமையாக. அதைப் பார்த்ததும் நெமேசியோ வயலினை எடுத்தான். சுரத்தை வாசித்தான். பாதியில் தந்தி அறுந்தது, நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சில் கசில்டா இல்லை.

அவள் போனதை ஊரே நம்பவில்லை. ஆற்றைத் தேடினார்கள், அவள் அண்ணன் வீட்டில் தேடினார்கள். மறுநாள் புதுத் தந்தி போட்டு நெமேசியோ திரும்ப வாசித்தபோது, மூன்றாவது பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த கோவில்பிள்ளை பெர்மின் ஒரு தாள நேரம் காணாமல்போய்த் திரும்பி வந்தான். ஊரில் மூன்று மாதமாக மழை இல்லை. அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அங்க மழைண்ணே," என்றான், பல் தந்தியடிக்க. "அண்ணியப் பார்த்தேன். கூப்பிட்டேன், காதுல விழல. அவங்க அடுத்த வரிக்குப் போயிட்டாங்க."

அடுத்த வரிதான் இல்லையே! நெமேசியோ அழுதான். வெட்கப்படாமல், கோவில் நடுவில் உட்கார்ந்து அழுதான். பிறகு அவளைத் திரும்பக் கொண்டுவர அந்த வரியைத் தானே கட்டத் தொடங்கினான். முதலில் கட்டியதற்கு ஒரு கறுப்புக் கோழி வந்தது. இரண்டாவதற்கு ஒரு பாதிரியாரின் இடதுகால் செருப்பு வந்தது, ஈரமாக. மூன்றாவதற்கு வாளிக்கணக்கில் மழை கொட்டிப் புதுத் தரையைக் கெடுத்தது. பத்து நாள் போய்விட்டது.

"ஏண்ணே, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?" என்றான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெர்மின். "உரல் எங்க?"

"எந்த உரல்?"

"அண்ணி இடிக்கிற மர உரல். உலக்கை போட்டுக்கிட்டே முனகுவாங்களே, அதைத்தானே நீ மறுநாள் வயலின்ல வாசிப்ப? போன கிறிஸ்மஸுக்கு நீ அரவை மெஷின் வாங்கிக் குடுத்த, அண்ணி முனகுறத நிறுத்திட்டாங்க, ஒனக்கும் பாட்டு நின்னுபோச்சு. ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மனைவி காற்றில் மறைந்தபோதுகூட அவன் இப்படி ஆடிப்போகவில்லை. இருபது வருடப் பாட்டும் தலைகீழாக நின்றது. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான், ஒவ்வொன்றின் அடியிலும் உலக்கைச் சத்தம் கேட்டது. அவன் முகத்தைப் பார்த்து நாங்களே பயந்துபோனோம்.

கொல்லையில் கோழி அடையும் இடமாகிவிட்டிருந்த உரலைக் கழுவி, கோவிலுக்கு உருட்டி வந்தான். மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பெர்மினிடம் வயலினைக் கொடுத்து அந்தச் சுரத்தை இழுக்கச் சொன்னான். தான் உலக்கையை எடுத்து இடித்தான். மூன்று குத்து, ஒரு தேய்ப்பு என்று ஞாபகம். தப்பும் தவறுமாக இடித்தான், அவள் முனகியதை முனகினான், கையில் கொப்புளம் வந்தது. ஒரு மணிநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"யோவ், உரல் உடைஞ்சுரும்யா!" என்று ஒரு குரல் கேட்டது.

கசில்டா பெஞ்சில் உட்கார்ந்து கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். நெமேசியோ வாயில் "கசில்டா, உன் பாட்டுடி, எல்லாம் உன் பாட்டு," என்று மட்டும் வந்தது.

"இருபது வருஷம் கழிச்சு சொல்றான் பாரு. தள்ளு."

உலக்கையை வாங்கி இடிக்க ஆரம்பித்தாள். அந்த மழையில் நடந்து நடந்து மூன்று வரியையும் முழுதாகக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் முனக முனக நெமேசியோ எழுதினான், மூச்சு வாங்கிய இடத்தைக்கூட விடாமல், அசல் ஈயடிச்சான் காப்பியாக. தாளின் தலைப்பில் முதல்முறையாகக் கசில்டா சுருபி என்று எழுதினான்.

கீபோர்டு வரவில்லை. அரவை மெஷினைப் பெர்மின் வாங்கிக்கொண்டான். இப்போதும் திருவிழாப் பூசையில் வயலின்களுக்கு நடுவே உரல் நிற்கிறது, அந்தக் கறுப்புச் சுரமும் வருகிறது. மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர்கள் வீட்டிலிருந்தே துண்டு எடுத்து வந்துவிடுவார்கள்.