துணி சுற்றிய பொத்தான்கள்

இப்போதெல்லாம் யாரும் எதையும் மூடி வைப்பதில்லை. தின்றதைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள், அழுததைக் காட்டுகிறார்கள். அப்பன் பட்ட அடியைக்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். என் மகள் நெர்கிஸும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். ப்ளோவ்திவ் நகரத்தில் நகைக் கண்காட்சி வைத்திருக்கிறாள்.

நானாக ஒன்றும் போகவில்லை. அவள் அம்மா ரெம்ஸியே அனுப்பினாள். முட்டி வலி, அவளால் பஸ் ஏற முடியாது. "என்னோட பழைய கோட்டு வேணும்னு ஆசையாக் கேட்டா, குடுத்தேன். பொத்தானைப் பிரிக்கப் போறாள்னு தெரிஞ்சா மட்டும் திருப்பி வாங்கிட்டு வந்துடு" என்றாள்.

பல்கேரிய அரசாங்கம் எங்கள் துருக்கிப் பெயர்களைப் பிடுங்கிக்கொண்டு பல்கேரியப் பெயர் கொடுத்த குளிர்காலத்தில், ரெம்ஸியே தன் கல்யாணக் காசுமாலையை அறுத்தாள். ஒவ்வொரு தங்கக் காசையும் கறுப்புத் துணியில் சுற்றிக் கோட்டுக்குப் பொத்தானாகத் தைத்தாள். வீட்டைக் குடைய வந்த போலீஸ்காரனுக்கு அந்தக் கோட்டோடுதான் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு ஆட்சி போனது, பெயர்கள் திரும்பி வந்தன. அவள் பொத்தானைப் பிரிக்கவில்லை.

கண்காட்சி வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பேர் கேட்டாள்.

"நைடன்" என்றேன். ஸ்டிக்கரில் எழுதி என் சட்டையில் ஒட்டிவிட்டாள்.

உள்ளே சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த மாலை ஒன்று. சட்டையில் குத்திக்கொள்ள, பாதி கருகிய கட்டையில் ஊசி வைத்தது ஒன்று. எவள் இதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவாள்?

நெர்கிஸ் ஓடி வந்தாள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அப்பா, மறைச்ச பேரைப் பத்தித்தான் இந்தக் கண்காட்சியே. இங்க வந்து அவங்க வெச்ச பேரை, நைடன்னு ஒட்டிக்கிட்டு நிக்கிறியே! உன் பேரு நஸ்மி இல்ல?"

"கேட்டா. வாயில அதுதான் வந்துச்சு."

"கேட்டது காலேஜ் பொண்ணுப்பா."

"அன்னிக்குப் பேரை மாத்தி எழுதினவனும் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டான்."

நடுவில் கோட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். சாயங்காலம் எல்லார் முன்னாலும் ஒரு பொத்தானைப் பிரிக்கப்போகிறாளாம்.

"உங்கம்மா வேண்டாங்கறா" என்றேன்.

"பிரிக்கலைன்னா இது வெறும் பழைய கோட்டுப்பா. யாருக்கு என்ன தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதானே தெச்சா."

"இன்னும் யாருக்குப் பயப்படறா? அந்தப் போலீஸ்காரன் செத்து மண்ணாயிருப்பான்."

"பேரன் இருப்பான்ல."

"உன்கிட்டப் பேச முடியாது."

"பேச வேண்டாம். கழட்டிக் குடு, போறேன்."

கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்துவிட்டது. எனக்கு இடுப்பு வலித்தது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். கோட்டைக் கொடுக்காதே என்று அவள் அம்மாவோடும் சண்டை போட்டாயிற்று, இப்போது இவளோடும் போட்டாயிற்று.

"இது இல்லைன்னா இந்த அறையே காலிப்பா" என்றாள். பிறகு கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். "சரி, பிரிக்கலை. கோட்டு இருக்கட்டுமா?"

"அந்தச் சீட்டு?"

பொத்தானுக்குள் இருப்பதைச் சொல்லிச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தையும் கிழித்தாள்.

கூட்டம் வந்தது. சைக்கிள் டியூபைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். கோட்டருகே ஒருவரும் நிற்கவில்லை. நெர்கிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தது நான்தான், ஆனால் ஒரு சந்தோஷமும் இல்லை.

அப்போது தலையில் துணி கட்டிய ஒரு கிழவி வந்து கோட்டின் முன்னால் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பொத்தானை விரலால் பிடித்துக் கனம் பார்த்தாள். நெர்கிஸின் காதருகே குனிந்து எங்கள் மொழியில், "எங்க வீட்ல ஊறுகாய்ப் பானைக்குள்ள" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

நெர்கிஸ் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியா! பிரிக்காமலே ஒருத்திக்குப் புரிஞ்சுதே! இப்பவாவது நம்பறியா?"

"அவளுக்குப் புரிஞ்சுது. அவளுக்குப் பின்னால நின்னவன் யாரு?"

"காப்பி கொண்டு வந்தவருப்பா!"

"அப்படித்தான் வருவான்."

தொப்பியை மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் கர்ஜலிக்குப் போகும் பஸ்ஸுக்கு நடந்தேன். பிரிக்கவில்லை என்று ரெம்ஸியேயிடம் சொல்லலாம். இன்றைக்குப் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.